லீவு எடுக்க ஏலுமோ? நல்ல விசயங்களுக்கு அடிமைப்பட்டவைக்கு ஒரு வழிகாட்டி

குடிக்கிற ஆக்களைப் பற்றி எழுத இஞ்ச கனபேர் இருக்கினம், நான் எழுதப்போறது குடிக்காத ஆக்களைப் பற்றி. வெத்திலை கூடப் போடாத, விடியப்புறம் எழும்பிச் செபம் பண்ணுற, சேர்ச்சில மூண்டு கொமிற்றியில இருக்கிற, ஊரில "தங்கமான மனிசன்" எண்டு பேரெடுத்த ஆக்கள். அதில ஒருத்தன் நான்தான்.

எட்டு வருசம் பாடற்குழுவை நான்தான் நடத்தினனான். வாலிபர் சங்கமும் நான், ஒளிவிழா ஒழுங்கும் நான், ஆருக்கும் செத்தவீடெண்டால் பாட்டுக் கொப்பியோட முதல் நிக்கிறதும் நான். ஒருநாள் இரவு பத்தரைக்கு வீட்ட வாறன், மனுசி சோத்தைப் போட்டு மூடி வச்சிட்டு வாசல்ல இருக்கிறா, சண்டை ஒண்டும் பிடிக்கேல்லை, ஆறுதலாத்தான் சொன்னவ: "இஞ்சேருங்கோ, நீங்கள் குடிச்சிட்டு வந்தாலாவது நான் பாஸ்டரிட்டப் போய்ச் சொல்லி அழலாம். பாஸ்டரின்ர வேலை செய்திட்டு வாறவரைப் பற்றி நான் ஆரிட்டப் போய்ச் சொல்லுறது?" எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை. பிறகு கனகாலம் கழிச்சுத்தான் விளங்கினது, அவ்வளவு கோவம் வந்ததே ஒரு அடையாளம் எண்டு, குடிகாரனுக்குப் போத்திலைத் தொட்டால் வாற கோவமும் உதுதானே.

தமிழில நாங்கள் "அடிமையாகிறது" எண்டு சொல்லுறம், யோசிச்சுப் பாத்தால் பயங்கரமான சொல். யாழ்ப்பாணத்தில அது உவமைக்குச் சொன்ன சொல் இல்லை, ஒல்லாந்தர் காலத்தில 1707ல தொகுத்த தேசவழமை எண்ட யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டத்தில அடிமையளை வச்சிருக்கிறதுக்கெண்டே சட்டம் இருந்தது, இலங்கையில சட்டப்படி அடிமைமுறையை முழுசா ஒழிச்சது 1844ல. சரி, அடிமைக்கும் வேலைக்காரனுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டு பேரும் வேலை செய்யினம், ரெண்டு பேரும் களைக்கினம், ஆனா வேலைக்காரன் லீவு எடுக்கலாம், அடிமைக்கு அது ஏலாது. பைபிளில பத்துக் கட்டளை ரெண்டு இடத்தில இருக்கு, யாத்திராகமத்தில ஓய்வுநாளுக்குக் காரணம் சொல்லேக்க கடவுள் ஆறு நாளில எல்லாத்தையும் படைச்சு ஏழாம் நாள் ஓய்ந்தவர் எண்டு வரும், உபாகமம் 5ம் அதிகாரத்தில அதே கட்டளைக்கு வேற காரணம்: நீ எகிப்தில அடிமையா இருந்தனீ, அதை நினைச்சுக்கொள் எண்டு. அதாவது ஒரு நாள் சும்மா இருக்க ஏலுமெண்டால் நீ இனி அடிமை இல்லை. நான் கீழ சொல்லப்போற எல்லாம் உந்த ஒரு கேள்வியில இருந்துதான் வருது: உங்கட நல்ல விசயத்துக்கு நீங்கள் லீவு சொல்ல ஏலுமோ?

முதல்படி: ஒண்டுக்கு மட்டும் பேர் வையுங்கோ

எல்லாத்தையும் ஒரேயடியாத் திருத்த வெளிக்கிட வேண்டாம், அதுவும் ஒரு வெறிதான். ஒண்டை எடுங்கோ. எங்கட பக்கம் நான் கண்டதுகளைச் சொல்லுறன், உங்கட இதில இருக்கோ எண்டு பாருங்கோ. பிள்ளையின்ர புலமைப்பரிசில் சோதினை, பிள்ளைக்குப் பத்து வயசு, தாய்க்குத்தான் நித்திரை இல்லை, நாலு ரியூசன். வெளிநாட்டுக் காசில வீடு கட்டுறது, ஆக்கள் இல்லாத வீட்டுக்கு மூண்டாம் மாடி. பழைய மாணவர் சங்கம். உடம்பு வைக்கிற ஜிம். வட்ஸ்அப்பில காலமை நாலரைக்கு வசனம் அனுப்புறது, அனுப்பிப்போட்டு ஆர் ஆர் பாத்தவை எண்டு நீலக்கோடு பாக்கிறது. உதவி செய்யிறது, அதுவும் படம் எடுத்துப் போட்டு. ஊழியம். ஏன், பைபிள் ஆராய்ச்சியே கூட, ஒரு அண்ணை இருக்கிறார், எந்தக் கதை எடுத்தாலும் எபிரேயத்தில அதுக்கு என்ன சொல் எண்டு நிப்பார், வீட்டில கிணத்துக்கட்டு இடிஞ்சு ரெண்டு வருசம்.

இதில ஒண்டும் பாவம் இல்லை, அதுதான் பிரச்சினை. லூக்கா 14ல ஒரு விருந்துக் கதை இருக்கு, கூப்பிட்டவை மூண்டு பேர் வரேலாது எண்டு சாட்டுச் சொல்லுவினம், ஒருத்தன் காணி வாங்கினவன், ஒருத்தன் அஞ்சு சோடி எருது வாங்கினவன், மற்றவன் கலியாணம் முடிச்சவன். கவனியுங்கோ, ஒருத்தனும் களவெடுக்கப் போறன், சூதாடப் போறன் எண்டு சொல்லேல்லை. காணி, மாடு, மனுசி. எங்கட ஊரில இதைவிட நல்ல சாட்டுக் கிடைக்குமோ?

ரெண்டாம்படி: ஏழு நாள் ஒரு கொப்பி

சின்னக் கொப்பி போதும், ஃபோனில எழுத வேண்டாம், ஃபோனுக்குப் போனால் அங்கயே நிண்டிடுவியள். மூண்டு விசயம்: எத்தினை மணிக்குத் தொடங்கினது, எத்தினை மணிக்கு முடிஞ்சது, தொடங்க முதல் வீட்டில என்ன நடந்துகொண்டிருந்தது. மூண்டாவதை விடக்கூடாது. எனக்குக் கிழமைக்கு இருபத்தாறு மணித்தியாலம் வந்தது, அதைப் பாத்து நான் பெரிசா அதிரேல்லை, மூண்டாவது பந்தியைப் பாத்துத்தான் அதிர்ந்தனான். ஏழில அஞ்சு நாள் வங்கிக் கடன் கதை வந்த உடனதான் நான் "பிராக்ரிஸ் இருக்கு" எண்டு சைக்கிளை எடுத்திருக்கிறன். பாட்டுப் பழக்கப் போகேல்லை, கடனுக்கு ஒளிச்சு ஓடியிருக்கிறன்.

உலக சுகாதார நிறுவனம் 2019ல ஏற்றுக்கொண்ட ஐசிடி-11 நோய்ப் பட்டியலில கேம் விளையாடுற அடிமைத்தனத்துக்கு மூண்டு அடையாளம் சொல்லியிருக்கினம்: கட்டுப்படுத்த ஏலாமல் போறது, மற்ற எல்லாத்துக்கும் மேல அது முதலிடம் பிடிக்கிறது, கேடு வந்தாப் பிறகும் தொடருறது. ஊழியத்துக்கும் ரியூசனுக்கும் அதில நோய்ப்பேர் ஒண்டும் இல்லை, அதுக்காக நீங்களே உங்களுக்கு நோயெண்டு முத்திரை குத்தவும் வேண்டாம், ஆனா அந்த மூண்டையும் கொப்பிக்குப் பக்கத்தில வச்சுப் பாக்கிறது பிழையில்லை.

மூண்டாம்படி: லீவு எடுத்துப் பாருங்கோ

இதுதான் உண்மையான சோதனை, மிச்சமெல்லாம் இதுக்கு ஆயத்தம். எவ்வளவு நாள் எண்டது விசயத்தைப் பொறுத்தது. ஃபோன் எண்டால் சனி பின்னேரம் ஆறு மணியில இருந்து ஞாயிறு பின்னேரம் ஆறு மணி வரை. ஊழியமெண்டால் ரெண்டு ஞாயிறு. பிள்ளையின்ர படிப்பெண்டால் ஒரு கிழமைக்கு மாக்ஸ் எவ்வளவு எண்டு கேக்கிறேல்லை, கொப்பி பாக்கிறேல்லை, பிள்ளை தானாச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். முன்கூட்டியே சம்பந்தப்பட்ட ஆக்களுக்குச் சொல்லிப்போடுங்கோ, சொல்லாமல் கொள்ளாமல் நிண்டால் அது லீவு இல்லை, கோவிச்சுக்கொண்டு நிக்கிறது, எங்கட சேர்ச்சுகளில அப்பிடிக் கோவிச்சு நிக்கிற ஆக்கள் ஏற்கனவே போதுமான அளவு இருக்கினம்.

லீவில என்ன நடக்கும்? முதல் நாள் சுகமா இருக்கும். ரெண்டாம் நாள் சின்ன விசயத்துக்கும் எரிச்சல் வரும், தேத்தண்ணியில சீனி கூடிப்போச்செண்டு கத்துவியள். பிறகு நியாயங்கள் வரத்தொடங்கும், வடிவான நியாயங்கள், "நான் இல்லாட்டி இது நடக்காது", "கடவுள் தந்த தாலந்தைப் புதைக்கலாமோ", "இண்டைக்கு மட்டும்". உதுகளையும் கொப்பியில எழுதுங்கோ. என்ர கதையைச் சொல்லுறன், ரெண்டாம் ஞாயிறு நான் கடைசி வாங்கில இருந்தனான், பாடற்குழு என்ர கை இல்லாமலே பாடுது, அதுவும் வடிவாப் பாடுது, அல்ரோப் பெட்டையள் ஒரு இடமும் சுருதி விடேல்லை. எனக்குச் சந்தோசம் வரவேணுமல்லோ? எனக்கு வயித்தெரிச்சல். ஒரு இடத்திலயாவது பிழைக்காதோ எண்டு காது குடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தன். கடவுளுக்குத்தான் பாடினனான் எண்டால் ஆர் பாடினால் எனக்கென்ன? அந்த வாங்கில இருந்துதான் எனக்கு விசயம் பிடிபட்டது.

வெண்கலப் பாம்பின்ர கதை தெரியும்தானே. எண்ணாகமம் 21ல பாம்பு கடிச்ச சனம் பிழைக்கட்டும் எண்டு கடவுளே செய்யச் சொல்லி மோசே செய்தது அது, கள்ளச் சாமான் இல்லை. ஆனா சனம் அதைக் கொண்டு திரிஞ்சு, நூற்றுக்கணக்கான வருசம் கழிச்சு எசேக்கியா ராசா காலத்தில பாத்தால் அதுக்குத் தூபம் காட்டிக்கொண்டு இருக்கினம். அவர் அதை உடைச்சுப்போட்டு நிகுஸ்தான் எண்டு பேர் வச்சார், ரெண்டு இராசாக்கள் 18ல இருக்கு, வெறும் வெண்கலத்துண்டு எண்ட மாதிரித்தான். ஒருகாலம் உங்கட உயிரைக் காப்பாத்தினதே பேந்து தூபம் கேக்கும். எனக்கு இந்த இடம் வாசிக்கிற நேரமெல்லாம் என்ர பாட்டுக் கொப்பிதான் கண்ணில வரும்.

நாலாம்படி: அடியில என்ன கிடக்கு

இதில அவசரப்படாதையுங்கோ. லீவு எடுத்த உடன ஒரு வெறுமை வரும், அந்த வெறுமையில என்ன வருதெண்டு பாருங்கோ. சிலருக்குப் பயம், சிலருக்கு ஒருத்தரும் தன்னை மதிக்கேல்லை எண்ட பழைய புண், கனபேருக்கு, எங்கட மண்ணில குறிப்பா, துக்கம். 1995 ஐப்பசி கடைசியில யுத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமமே ஒரே இரவில தென்மராட்சிப் பக்கம் நடந்தது, நாவற்குழிப் பாலத்தில மழைக்குள்ள நிண்ட ஆக்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. அதுக்கு முதலும் பிறகும் எத்தினை. அழ நேரம் இருக்கேல்லை, அடுத்த நேரச் சாப்பாடு, அடுத்த கூரை, அடுத்த பதிவு. அப்ப ஓடினதுதான் எங்களைக் காப்பாத்தினது. இப்ப ஓடவேண்டிய தேவை இல்லை, கால் நிக்குதில்லை. என்ர அம்மா இண்டைக்கும் விடிய நாலு மணிக்கு எழும்பி முத்தம் கூட்டுவா, கூட்டி முடிஞ்சாலும் கூட்டுவா, "சும்மா இருந்தால் யோசினை வரும் தம்பி" எண்டுவா. அவவுக்குப் போய் நான் ஓய்வுநாள் பிரசங்கம் வைக்கேலுமோ?

ஆனபடியால் இந்தப் படியில உங்களை நீங்களே பேசாதையுங்கோ. யாத்திராகமம் 16ல வனாந்தரத்தில சனத்துக்குச் சாப்பாடா மன்னா விழுந்த கதையில, நாளைக்கெண்டு வைக்கவேண்டாம் எண்டு சொல்லியும் கொஞ்சப்பேர் எடுத்து வச்சவை, விடியப் பாத்தால் பூச்சி பிடிச்சு நாறிப்போச்சு. சின்னனில ஓய்வுநாள் பள்ளிக்கூடத்தில அவையைப் பேராசைக்காரர் எண்டு படிச்சனான். இப்ப யோசிச்சால் அவை பசி கிடந்த சனம், நாளைக்கு இல்லாமல் போகும் எண்ட பயம் எலும்பில ஊறின ஆக்கள். நிவாரணச் சீனியை நாலு வருசம் பெட்டியில பூட்டி வச்ச ஆச்சிமாரை எங்களுக்குத் தெரியும்தானே. மன்னா நல்லது, கடவுள் தந்தது, நாளைக்குக் கடவுள் இருக்க மாட்டார் எண்ட பயத்தில பிடிச்சு வச்சபடியால்தான் நாறினது. அதனால கேள்வி "நான் ஏன் இவ்வளவு மோசம்" எண்டில்லை, "நான் எதுக்குப் பயப்பிடுறன்". 127ம் சங்கீதத்தில ஒரு வரி இருக்கு, "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்". உழைப்பு அளிக்கிறார் எண்டு இல்லை, நித்திரை.

இந்த இடத்தில பழசுகள் கிளம்பி நித்திரை, சாப்பாடு எல்லாம் குழம்பினால், நெஞ்சு படபடத்தால், செத்தால் நல்லம் எண்ட எண்ணம் வந்தால், தனிய நிண்டு மல்லுக்கட்ட வேண்டாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில மனநலப் பிரிவு இருக்கு, தெல்லிப்பழை ஆசுபத்திரியில இருக்கு, சாந்தியகம் எண்ட உளவள ஆலோசனை நிலையத்தில கதைக்கலாம், 1926 எண்ட மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் ஃபோன் எடுக்கலாம். விசுவாசம் குறைஞ்சு போச்செண்டு ஆரும் சொன்னால், எலியா தீர்க்கதரிசி "என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" எண்டு சூரைச்செடிக்குக் கீழ படுத்த நேரம் தேவதூதன் பிரசங்கம் வைக்கேல்லை எண்டு சொல்லுங்கோ, அடையும் தண்ணியும் குடுத்து, படுக்க விட்டு, திரும்பவும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னது. இன்னொண்டு, குடிக்கிற ஆக்கள் இதை வாசிச்சால், கனகாலமா ஒவ்வொரு நாளும் கடுமையாக் குடிச்ச ஆள் இந்தக் கட்டுரையில சொன்ன மாதிரித் திடீரெண்டு நிப்பாட்டினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து, டொக்டரைக் கேட்டுத்தான் விடவேணும்.

அஞ்சாம்படி: ஒரு ஆளிட்டச் சொல்லுறது

யாக்கோபு 5:16ல குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்லியிருக்கு, கத்தோலிக்க ஆக்களுக்குப் பாவசங்கீர்த்தனம் இருக்கு, எங்கட பக்கத்தில அது இல்லாதபடியால் நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லாமலே செத்துப்போறம். ஆனா ஆளைப் பாத்து. இண்டைக்குச் சொன்னால் நாளைக்குச் சந்தையில மரக்கறியோட சேத்து நிறுக்கிற ஆக்களிட்ட வேண்டாம். உங்கட ஊழியத்தால லாபம் வாற ஆளிட்டயும் வேண்டாம், நீங்கள் ஓடினால்தான் அவருக்கு வசதி, "கடவுள் உங்களைப் பாவிக்கிறார் தம்பி" எண்டு முதுகில தட்டி அனுப்பிவிடுவார். எனக்கு வாய்ச்சது ஒரு வயசுபோன பென்சன் மாஸ்ரர், நான் ஒரு மணித்தியாலம் சொன்னதைக் கேட்டுப்போட்டு ஒரே கேள்விதான் கேட்டவர்: "உதெல்லாம் மனுசிக்குச் சொன்னனீரோ?" சொல்லேல்லை. அண்டைக்கு இரவுதான் போய்ச் சொன்னனான், கடன் கதையும் சேத்து.

ஆறாம்படி: விட்ட இடத்தில என்னத்தை வைக்கிறது

மத்தேயு 12ல அசுத்த ஆவி போன வீடு, கூட்டித் துடைச்சு வடிவா இருக்கு, ஆனா வெறும் வீடு, அந்த ஆவி திரும்பி வரேக்க இன்னும் ஏழு ஆவியளைக் கூட்டிக்கொண்டு வந்திட்டுது. வேற ஒரு நல்ல விசயத்தைத் தூக்கி அந்த இடத்தில வைக்கிறதும் வெறும் வீடுதான். எனக்குத் தெரிஞ்ச ஒரு பெடியன் ஃபோனை விட்டிட்டு ஓட்டத்தில இறங்கினான், இப்ப காலமை பண்ணைப் பாலம் மட்டும் ஓடி ஓடி முழங்கால் வீக்கம், ஓடாத நாள் வீட்டில ஒருத்தரோடயும் கதைக்கிறான் இல்லை.

பலன் கணக்குப் பாக்கேலாத விசயங்களை வையுங்கோ. கை தட்டல் இல்லாத, படம் எடுத்துப் போட ஏலாத விசயங்கள். பின்னேரம் மனுசியோட தேத்தண்ணி, கதை வந்தால் கதை, வராட்டிச் சும்மா. பேசாமல் செபம், கேக்கிறதுக்கு ஒண்டும் இல்லாமல் பத்து நிமிசம், புதுசா வாறவை பத்துக்கு மேல போக வேண்டாம், நித்திரை வரும். பிறகு, நிப்பாட்டச் சொல்லி அடிக்கிற ஒரு மணிச்சத்தம். 6ம் நூற்றாண்டில பெனடிக்ற் எழுதின துறவற ஒழுங்கில, செபத்துக்கு மணி கேட்டால் கையில இருக்கிற வேலையை அப்பிடியே போட்டிட்டுப் போகவேணும் எண்டு இருக்கு, முடிச்சிட்டுப் போறது எண்ட கதையே இல்லை. நான் ஃபோனில எட்டு மணிக்கு அலாரம் வச்சிருக்கிறன், பிராக்ரிஸ் பாட்டின்ர நடுவில நிண்டாலும் முடிவு. முதல் மாசம் பெடியள் சிரிச்சவங்கள், இப்ப அவங்களே ஏழு அம்பத்தஞ்சுக்குக் கொப்பியை மூடிறாங்கள்.

ஏழாம்படி: திரும்ப எடுக்கிறதோ, விடுறதோ

இதுக்கு எல்லாருக்கும் ஒரே மறுமொழி இல்லை. வெண்கலப் பாம்பை உடைச்சவை, ஆனா இயேசுவுக்குச் சமைச்சுக்கொண்டு ஓடித்திரிஞ்ச மார்த்தாளைச் சமைக்க வேண்டாம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை, கவலைப்பட்டுக் கலங்கிறாய் எண்டுதான் இயேசு சொன்னவர். சிலதை அளவோட திரும்ப எடுக்கலாம், சிலதைத் தொடவே ஏலாது. நான் பார்க்கிறது இதைத்தான்: அளவு வச்சுப்போட்டு மூண்டு மாசம் அந்த அளவில நிக்க ஏலுமெண்டால் வச்சிருக்கலாம், ஒவ்வொரு மாசமும் அளவு கூடுதெண்டால் அது உங்களுக்கு நிகுஸ்தான். "நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்" எண்டு பவுல் 1 கொரிந்தியர் 6:12ல சொல்லேக்க, எல்லாத்துக்கும் எனக்கு அதிகாரம் இருக்கு எண்டதையும் சேத்துத்தான் சொல்லுறார். நான் பாடற்குழுவில இப்பவும் நிக்கிறன், டெனரில, பின்வரிசையில. நடத்துறது ஒரு தங்கச்சி. வாலிபர் சங்கத்தை முழுசா விட்டிட்டன்.

தவக்காலம் தொடங்கேக்க இதைச் செய்தால் லேசு, ஏனெண்டால் ஊரே ஏதோ ஒண்டை விடுற காலம். ஞாயிறுகளைக் கழிச்சுத்தான் அந்த நாப்பது நாள். ஆனா எங்கட சனம் நாப்பது நாளும் மச்சம் விடும், உதுகளை விடாது, மீனை விட்டிட்டு மீன் விட்ட கதையை வட்ஸ்அப்பில போடும். மச்சத்தோட சேத்து உங்கட தங்கமான விசயத்தையும் ஒரு நாப்பது நாள் இறக்கி வையுங்கோ.

ஒண்டை மறந்திட்டன். படுக்கையில கிடக்கிற தாயைப் பாக்கிற மகள், ரெண்டு வேலை செய்து கடன் கட்டுற தகப்பன், இவைக்கு இந்தக் கட்டுரை இல்லை. அவைக்கு லீவு எடுக்க மனமில்லாமல் இல்லை, லீவு குடுக்க ஆள் இல்லை. அப்பிடியான ஆள் உங்கட வீதியில இருந்தால், நீங்கள் மிச்சம் பிடிச்ச மணித்தியாலத்தில ரெண்டை அங்க கொண்டுபோய்க் குடுங்கோ, போய் இருந்து தாயைப் பாருங்கோ, அவ ஒருக்கா வெளிய போட்டு வரட்டும். படம் எடுக்க வேண்டாம்.

வாற சனிக்கிழமையே தொடங்கலாம். அந்தக் கிழமை கலியாணவீடோ செத்தவீடோ இருந்தால் மட்டும் அடுத்த கிழமைக்குத் தள்ளுங்கோ, உதுகளில ஃபோன் இல்லாமல் ஒண்டும் ஏலாது. ரெண்டாம் தரமும் தள்ளினீங்களெண்டால் அதையும் கொப்பியில எழுதுங்கோ.